காதில் இருந்தால் போதாது, காதுக்குள் இருக்க வேண்டும்

காலபோக நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் பரந்தனிலிருந்து செட்டிகுளம் வரை வன்னியின் அரிசி ஆலைகள் விடியத் தொடங்கி இரவு வரை ஓடும். உமி நீக்கும் மெசின், தவிடு தீட்டும் மெசின், சலிக்கும் தட்டு, தூசு இழுக்கும் காற்றாடி எல்லாம் ஒரே தகரக் கூரையின் கீழ். சில ஆலைகளில் இப்போது தொழிலாளரின் காதில் செம்மஞ்சள் நிற நுரைக் காதடைப்பான் இருப்பதைப் பார்க்கலாம். இயர் பிளக் என்று பெட்டியில் வருமே, அதுதான். தூரத்திலிருந்தே அது கண்ணில் படுகிறது. கவலைப்பட வேண்டியது அதற்காகத்தான். சரியாகப் போட்ட நுரை அடைப்பான் நேர் முன்னால் நிற்பவரின் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. காதிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது காதுத் துவாரத்தின் வாசலில்தான் இருக்கிறது. சத்தம் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது.

சரியாக நுழைந்த நுரை அடைப்பான் சத்தத்தை 25 டெசிபெலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் குறைத்துத் தரும். அதே அடைப்பான் பாதி நுழைந்து நின்றால் பத்துக்கூடத் தேறாது; சில வேளை ஒன்றுமே குறையாது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே விலை. இடையில் உள்ள வித்தியாசம் அரை நிமிடக் கைவேலை. அந்தக் கைவேலையை ஒவ்வொருவருக்கும் பழக்காமல் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு, பாதுகாப்புக் கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதுவது பல இடங்களில் நடக்கிறது.

டெசிபெல் கணக்கை ஒரு தரம் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. இது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபெல் கூடினால் காதுக்குள் போகும் ஒலிச் சக்தி இரட்டிப்பாகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். 95 டெசிபெல் சத்தத்தில் நிற்பவர் ஒரு நாளுக்குரிய தன் பங்கை 48 நிமிடத்தில் வாங்கி முடித்துவிடுகிறார். மரம் அரியும் வட்ட வாளும், இரும்பு வெட்டும் கிரைண்டரும் 95ஐச் சாதாரணமாகத் தாண்டும். பெற்றோல் சங்கிலி வாள் 100ஐயும் தாண்டும்.

அளக்கும் கருவி இல்லாத இடத்தில் வாயும் காதும் போதும். ஒரு மீற்றர் தூரத்தில், அதாவது கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் ஒருவருடன் கதைக்கக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் 85ஐத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆலையின் வாசலிலிருந்து இருவர் கதைத்துக்கொண்டே உள்ளே நடக்கட்டும். குரல் உயரத் தொடங்கும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போடுங்கள். கோட்டுக்கு அப்பால் காது மூடாமல் எவரும் போகக்கூடாது, முதலாளி உட்பட. கைத்தொலைபேசிச் செயலிகள் காட்டும் எண்ணைத் தோராயமாக மட்டும் பாருங்கள்; தொலைபேசிக்குத் தொலைபேசி அது மாறும்.

காதை மூட முதல் மெசினைப் பாருங்கள்

எந்தக் காதடைப்பானும் கடைசி வழிதான். வன்னியின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் கேட்கும் சத்தத்தில் ஒரு பகுதி வேலையால் வருவதே அல்ல, கவனியாமல் விட்டதால் வருவது. தளர்ந்த போல்ற், தேய்ந்த பெயாரிங், வழுக்கும் பெல்ற், ஆணி கழன்று அதிரும் தகர மூடி, மழுங்கிய வாள். தகர மூடியின் உட்பக்கத்தில் பழைய ரயர் ரியூப்பை வெட்டி ஒட்டினால் அதிர்வு அடங்கும். மெசினின் காலுக்கும் கொங்கிறீற்றுத் தரைக்கும் இடையில் இறப்பர்த் தட்டு வைத்தால் தரையும் சுவரும் சேர்ந்து பாடுவது நிற்கும். ஜெனரேற்றரைச் சுவரோரம் மூலையில் வைத்தால் சத்தம் தெறித்துத் திரும்பும். வெளியே எடுத்துத் தூர வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். தூசு இழுக்கும் காற்றாடியைக் கூரைக்குக் கீழே வைப்பதா, வெளிச்சுவருக்கு அப்பால் வைப்பதா என்பதை ஆலை கட்டும் நாளிலேயே தீர்மானித்தால் அது வாழ்நாள் முழுவதும் பலன் தரும். இதெல்லாம் செய்த பிறகும் மிஞ்சும் சத்தத்துக்குத்தான் அடைப்பான்.

எதை வாங்குவது

எத்தனை டெசிபெல் குறைக்கும் என்ற எண் பெட்டியில் இருக்க வேண்டும். அமெரிக்க முறையில் என்ஆர்ஆர் என்றும் ஐரோப்பிய முறையில் எஸ்என்ஆர் என்றும் அச்சிட்டிருப்பார்கள்; ஐரோப்பியத் தரம் இஎன் 352. எந்த எண்ணும் இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம். அந்த எண் ஆய்வுகூடத்தில் பழகிய ஆட்களின் காதில் எடுத்தது, ஆலையில் அப்படியே கிடைக்காது. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் பாவிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: என்ஆர்ஆர் எண்ணில் 7ஐக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்குவது. 29 என்று போட்டிருந்தால் 22, அதில் பாதி 11. 95 டெசிபெல் ஆலையில் அது காதுக்கு 84ஆக வந்து சேரும். ஒழுங்காகப் பழக்கப்பட்டவருக்கு இதைவிட நிறையக் கிடைக்கும். பழக்காத கூட்டத்துக்கு இந்தக் கணக்கை நம்பித்தான் வாங்க வேண்டும்.

கூடுதலாகக் குறைத்தால் கூடுதல் நல்லது என்பதும் பிழை. அடைப்பானுக்கு உள்ளே 75க்கும் 80க்கும் இடையில் இருப்பது நல்ல இலக்கு. 70க்குக் கீழே போனால் பின்னால் வரும் லொறியும் கேட்காது, கூப்பிடும் ஆளும் கேட்காது. தனித்துப்போன மாதிரி இருக்கும், கழற்றி எறிந்துவிடுவார்கள். 88 டெசிபெல் தையல் மண்டபத்துக்கு 33 என்று போட்ட நுரை தேவையில்லை. சங்கிலி வாளுக்கு மட்டும் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் (தலைப்பட்டையோடு வரும், காதை வெளியிலிருந்து முழுவதும் மூடும் கிண்ணம்) சேர்த்துப் போடலாம். அப்போதும் இரண்டு எண்களையும் கூட்டக்கூடாது. பெரிய எண்ணோடு ஏறத்தாழ 5 மட்டும் சேரும்.

வேலையின் தன்மையும் கையின் அழுக்கும் வகையைத் தீர்மானிக்கும். மிளகாய்த் தூள் அரைக்கும் மில்லில் வேலை செய்பவருக்கு நுரை அடைப்பான் கொடுப்பது கொடுமை. அதை விரலால் உருட்டித்தான் போட வேண்டும், அந்த விரலில் மிளகாய்த் தூள் இருக்கும். அவருக்குக் காதுமூடி, அல்லது காம்பைப் பிடித்துச் செருகும் இறப்பர் அடைப்பான் நல்லது. எண்ணெய்க் கையோடு நிற்கும் பட்டறைக்காரருக்கும், கிருமிநாசினி தொட்ட கைகளுக்கும் இதே கதைதான். மணிக்கொரு தரம் வெளியே போய் வருபவருக்குக் காதுமூடி சுகம். முழுநாளும் உள்ளே நிற்பவருக்கு, அதுவும் இங்குள்ள வெக்கையில், அடைப்பான்தான் தாங்கும். அரிசிக்குள் விழுந்துவிடாமல் கயிறு கோத்த அடைப்பான் ஆலைக்கு ஏற்றது. ஆனால் சுழலும் பெல்ற், துளை போடும் மெசின் பக்கத்தில் அந்தக் கயிறே ஆபத்து. அங்கே கயிறில்லாதது, அல்லது கயிற்றைக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக் கொலருக்குள் விட்டுக் கட்டியது.

ஆடைத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள். பெண்கள் பலருக்குக் காதுத் துவாரம் ஒடுக்கம், பொதுவான அளவு நுரை வலிக்கும். வலித்தால் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். சிறிய அளவு ஒரு பெட்டி கட்டாயம் வாங்குங்கள். ஒரே ஆளுக்கு வலக்காதும் இடக்காதும் வேறு அளவாக இருப்பதும் உண்டு. அப்படியானால் இரண்டு அளவையும் கொடுக்க வேண்டும்.

பஞ்சு அடைப்பதும், துணியைக் கிழித்து அடைப்பதும் சில டெசிபெல்தான் குறைக்கும். பாட்டுக் கேட்கும் இயர்போன் பாதுகாப்பே அல்ல; மெசின் சத்தத்துக்கு மேல் பாட்டைக் கூட்டுவதால் இரண்டு சத்தமும் சேர்ந்து உள்ளே போகும்.

அரை நிமிடக் கைவேலை

முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். ஈரக் கையோடு நுரையைத் தொட்டால் அது வழுக்கும், ஒழுங்காகச் சுருளாது. பெருவிரலுக்கும் முதல் இரண்டு விரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருட்டத் தொடங்கி, சுருங்கச் சுருங்க அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பலர் உருட்டுவதில்லை, தட்டையாக நசிக்கிறார்கள். நசித்தால் மடிப்பு விழும். மடிப்பு என்பது சத்தம் போவதற்கான வாய்க்கால். மடிப்பில்லாத, மெல்லிய, உருண்டையான குச்சி போல வரும்வரை உருட்ட வேண்டும்.

இனிக் காது. காதுத் துவாரம் நேரான குழாய் அல்ல. வளைந்தது, நீளம் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர். வளைவை நேராக்காமல் செருகினால் நுரை முதல் வளைவில் முட்டி நிற்கும். வலக்காதுக்குப் போடும்போது இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து வலக்காதின் மேல் மடலைப் பிடித்து மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்க வேண்டும். சிலருக்கு மேலே இழுத்தால் திறக்கும், சிலருக்குப் பின்னால் இழுத்தால்தான் திறக்கும். எந்தப் பக்கம் இழுத்தால் விரல் நுனிக்குத் துவாரம் அகலமாகப் படுகிறது என்பதை ஒவ்வொருவரும் தன் காதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நொடியே சுருட்டிய நுரையைத் தள்ள வேண்டும். வன்னி வெயிலில் நுரை கெதியாக விரியும். உருட்டி வைத்துக்கொண்டு பக்கத்து ஆளோடு இரண்டு வார்த்தை கதைத்தால் போச்சு, திரும்ப உருட்ட வேண்டும்.

உள்ளே போனதும் விரல் நுனியால் 20 தொடக்கம் 30 செக்கன் வரை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடும் படி இதுதான். கையை உடனே எடுத்தால் நுரை விரியும்போது தன்னைத் தானே வெளியே தள்ளும். வாய்விட்டு முப்பது வரை எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போதே சத்தம் மெல்ல மெல்ல இறங்குவதைக் கேட்கலாம், தன் குரலும் மாறும். முடிவில் நுரையின் வெளி நுனி, காதுக்கு முன்னால் இருக்கும் சிறிய குருத்தெலும்பு மேட்டுக்குச் சமமாக அல்லது அதற்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும்.

பார்த்துச் சரிபிழை சொல்ல மூன்று வழி. ஓடும் மெசின் பக்கத்தில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடித் திறக்கச் சொல்லுங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் ஒழுகுகிறது. பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பிடித்திருக்கிறது. அடுத்தது, ஒன்றிலிருந்து பத்து வரை உரத்து எண்ணச் சொல்லுங்கள். குரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைத்த குரலாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்படிக் கேட்டால் மற்றப் பக்கம் திறந்திருக்கிறது. மூன்றாவது, கழற்றிய உடனே நுரையைப் பார்ப்பது. நீளவாட்டில் கோடு விழுந்திருந்தாலோ, நுனி மட்டும் நசிந்து மற்றப் பகுதி புதிதாக இருந்தாலோ எங்கே பிழைத்தது என்று அதுவே காட்டும். ஒவ்வொருவருக்கும் எத்தனை டெசிபெல் குறைகிறது என்று எண்ணால் காட்டும் கருவிகளும் உண்டு. வசதி இருக்கும் பெரிய தொழிற்சாலை அதை வாங்கலாம்.

கழற்றும்போது சுண்டி இழுக்கக்கூடாது. உள்ளே காற்று இறுகியிருக்கும், சடாரென்று இழுத்தால் செவிப்பறைக்குக் கேடு. திருகித் திருகி மெதுவாக. நுரை அடைப்பான் ஒரு நாளுக்கு ஒன்று. அழுக்கானால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். சட்டைப் பையில் உமியோடு கிடந்ததைத் திரும்பப் போட்டால் காது சீழ் பிடிக்கும். இறப்பர் அடைப்பானைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். வெற்றிலை சப்புபவர்கள், சாப்பிட்டு வருபவர்கள், நிறையக் கதைப்பவர்கள் இடையிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். தாடை அசையும்போது துவாரத்தின் வடிவமும் மாறும், அடைப்பான் மெல்ல மெல்ல வெளியே வரும்.

காதுமூடி போடுவது இலகு. அதனாலேயே அதை எவரும் பழக்குவதில்லை. மென்வளையம் காதைச் சுற்றி முழுவட்டமாகத் தோலில் படிய வேண்டும். தடித்த கண்ணாடிக் காம்பு, தோடு, ஜிமிக்கி, உமித்தூசுக்குக் கட்டிய தலைத் துவாய், முக்காடு, அடர்ந்த தாடி, எது இடையில் வந்தாலும் அங்கே இடைவெளி. துவாயைக் காதுக்கு மேலே ஏற்றிக் கட்டலாம். முக்காடு போடுபவர் மெல்லிய துணிக்கு உள்ளே அடைப்பானைப் போடுவது நல்லது. வளையத்தை விரலால் அமத்திப் பாருங்கள். கல்லுப் போல இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. வியர்வையும் வெயிலும் அதை அரிக்கும் இடத்தில் ஆறு மாதம் தாண்டினால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் இருக்கும் நுரைத் தட்டைச் சிலர் காற்றுக்காகப் பிடுங்கி எறிகிறார்கள். அந்த நுரை போனால் கிண்ணம் வெறும் பிளாஸ்ரிக். தலைப்பட்டையை அகட்டி இழுத்துத் தளர்த்துவதும் இப்படித்தான். இறுக்கம் போனால் பாதுகாப்பும் போகும். உழவு இயந்திரத்தின் இருக்கையிலோ லொறியின் முன் கண்ணாடிக்குக் கீழேயோ வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு நிமிடம் கழற்றினால் என்ன

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கு இரக்கம் இல்லாதது. 30 டெசிபெல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், அந்த நாளுக்கு மொத்தமாகக் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபெல்தான். பாதி நாள் கழற்றினால் 3 டெசிபெல். 5 நிமிடம் கழற்றினாலே 19க்கு இறங்கிவிடும். திறந்திருந்த அந்தச் சில நிமிடத்தில் உள்ளே போகும் சத்தம் மூடியிருந்த மணித்தியாலங்களை விழுங்கிவிடுகிறது.

கழற்றுவதற்கு முதற் காரணம் கைத்தொலைபேசி. மணி அடித்தால் காதுமூடியைத் தூக்கிக்கொண்டு மெசின் பக்கத்திலேயே நின்று கத்துவார்கள். கோட்டுக்கு வெளியே வந்துதான் தொலைபேசி என்று ஒரு கட்டுப்பாடு வைத்தாலே பெரும் பகுதி தீரும். இரண்டாவது காரணம் ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டிய வேலைச் செய்தி. காது மூடியவருக்குத் தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்கும், அதனால் அறியாமலே குரலைத் தாழ்த்துவார். எதிரே நிற்பவர் விளங்காமல் காதுமூடியைத் தூக்குவார். வழக்கத்தைவிட உரத்துக் கதைக்கப் பழக்க வேண்டும். நிறுத்து, ஓட்டு, மூட்டை கொண்டா, ஆபத்து என்று நாலைந்து கைச்சைகைகளை அந்த ஆலைக்காரரே தங்களுக்குள் பேசி முடிவுசெய்தால் நிலைக்கும்.

“போட்டா மெசின்ர சத்தம் பிடிபடாது அண்ணை, பெயாரிங் போனாலும் தெரியாது” என்பார்கள். இதை அலட்சியம் செய்யக்கூடாது, அனுபவமுள்ள மெசின்காரர் காதால்தான் மெசினைப் பார்க்கிறார். சத்தம் மிகக் கூடிய இடத்தில், காது நல்லாயிருப்பவருக்கு அடைப்பான் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்கிறது, எச்சரிக்கைச் சத்தமும் குறையும், அதை மறைக்கும் இரைச்சலும் குறையும். மெசினின் புதுக் குரலுக்குக் காது பழக ஒரு கிழமை எடுக்கும். ஆனால் ஏற்கனவே காது மந்தமானவருக்கு இந்த முறைப்பாடு உண்மையானது. அவருக்குக் கூடக் குறைக்கும் அடைப்பான் பொருந்தாது, மின்விளக்குச் சமிக்ஞை வேண்டும், லொறி பின்னால் எடுக்கும் இடத்தில் அவரைத் தனியே நிறுத்தக்கூடாது.

வன்னியின் காதுகள்

பயிற்சிக் கையேடுகள் நல்ல காதோடு வேலைக்கு வருபவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வன்னியில் அப்படித் தொடங்க முடியாது. 2009 வரை செல் விழுந்த மண்ணில் இருந்தவர்கள்தான் இன்று ஆலையிலும் பட்டறையிலும் நடுவயதில் நிற்கிறார்கள். வெடி அதிர்ச்சியில் உடலில் முதலில் அடிபடுபவற்றில் செவிப்பறை ஒன்று. கிழிந்து ஆறியவை உண்டு, ஆறாதவை உண்டு, ஓயாமல் இரைபவை உண்டு. ஆகையால் அடைப்பானைக் கையில் கொடுக்க முதல் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு முன்னால் அல்ல, நாலு கேள்வி கேட்க வேண்டும். காதால் நீரோ சீழோ வடிகிறதா? தண்ணீர் பட்டால் உள்ளே குத்துகிறதா? காதில் இரைச்சல் உண்டா? காதில் சத்திரசிகிச்சை செய்ததா? நீர் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தாலோ உள்ளே செருகும் எதையும் கொடுக்கக்கூடாது. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் பார்க்கும் வரை காதுமூடி மட்டும், அதுவும் சுத்தமானது, அவருக்கே சொந்தமானது.

இரைச்சல் உள்ளவருக்கு அடைப்பான் போட்டதும் அந்த இரைச்சல் கூடினது போல இருக்கும். வெளிச்சத்தம் குறைந்ததால் உள்ளிருப்பது தெளிவாகக் கேட்கிறது, அடைப்பான் அதைக் கூட்டவில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாள் கழற்றிவிடுவார். காது மூடினாலே நெஞ்சு பதறும் ஆட்களும் இருப்பார்கள். சத்தத்தைக் கேட்டு உயிர் தப்பிய காலம் அவர்களுடையது. அவர்களை வற்புறுத்தக்கூடாது. மெசின் நிற்கும் நேரத்தில், வெளியே, விரும்பியபோது கழற்றலாம் என்று சொல்லி, காதுமூடியிலிருந்து தொடங்கி நாளுக்கு நாள் கூட்டலாம். அதுவரை சத்தம் குறைந்த வேலைக்கு மாற்றிக் கொடுப்பது முதலாளியின் கடமை என்றே நினைக்கிறேன்.

“எனக்குத்தான் ஏற்கனவே கேக்காதே, இனி என்னத்தைக் காப்பாத்திறது?” என்பவரிடம் கொஞ்சம் கூட நேரம் செலவிட வேண்டும். சத்தத்தை உணரும் உட்காதின் மயிர்க்கலங்கள் ஒரு காதில் ஏறத்தாழ 15,000. செத்தவை திரும்ப முளைப்பதில்லை. சத்தம் முதலில் தின்பது 4,000 ஹேர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளை. பெரிய குரல் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. பேரப்பிள்ளை பேசுவது கேட்கும், என்ன பேசினது என்று விளங்காது. மிச்சம் இருப்பதும் போனால் காதுக்கருவி வைத்தும் அந்தத் தெளிவு வராது. தளபாடப் பட்டறைகளில் தின்னரில் இருக்கும் தொலுயீன் ஆவியும் காதைக் கெடுக்கும், சத்தத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். காதைக் கெடுக்கக்கூடிய ஜென்ரமைசின், ஸ்ரெப்ரோமைசின் மருந்து ஊசி போட்டவர்களின் காதும் கூடுதல் கவனம் வேண்டுவது.

பயிற்சி நாள்

ஒரு பயிற்றுநருக்கு ஆறு பேர், எட்டுக்கு மேல் வேண்டாம். வேலை தொடங்க முதல், கைகள் சுத்தமாக இருக்கும் காலை நேரத்தில் நாற்பது நிமிடம். ஒரு கைக்கண்ணாடி, தண்ணீர், சவர்க்காரம், இரண்டு அளவு அடைப்பான், ஆளுக்கு மூன்று சோடி. முதற் சோடி பழகுவதில் வீணாகும், அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம். பயிற்றுநர் தன் காதில் போட்டுக் காட்டலாம், ஆனால் தொழிலாளியின் காதில் தானே செருகிவிடக்கூடாது. நாளைக்கு அந்தக் கை அங்கே இருக்காது.

பேச்சைவிட ஒரு சோதனை கூட வேலை செய்கிறது. வலக்காதில் முழுதாகப் போடச் சொல்லுங்கள், இடக்காதில் வேண்டுமென்றே பாதி. மெசினை ஓடவிட்டு ஆலை வாசலில் ஒரு நிமிடம் நிற்கட்டும். பிறகு இடக்காதையும் சரியாகப் போட்டுத் திரும்ப ஒரு நிமிடம். இரண்டு காதுக்கும் இருந்த வித்தியாசம் அவருடைய சொந்த அனுபவமாகிவிடும். பெட்டியில் இருக்கும் ஆங்கிலக் குறிப்பும் படமும் அதைத் தராது.

மேற்பார்வையாளர்களுக்கு முதல் நாளே தனியாகப் பழக்குங்கள். அவர்கள் தொழிலாளியின் காதைப் பார்த்ததும் சரிபிழை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடைப்பான் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள் அல்ல, மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் விலையைச் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. சொல்லாமல் ஒரு மாதத்துக்குப் பிறகு போய் ஆட்களின் காதைப் பாருங்கள். பாதிப் பேருக்கு உருட்டும் முறை பழையபடி நசித்தலாக மாறியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். வேறு கொம்பனியின் அடைப்பான் வாங்கினால் பயிற்சியும் புதிதாக வேண்டும். நுரையின் விரியும் வேகம் வேறாக இருக்கும்.

முதலாளி, மேற்பார்வையாளர் யாரும் இல்லாத வேலைகள்தான் இங்கு அதிகம். லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கரக் கை உழவு இயந்திரம்) ஓட்டுபவர் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்குப் பின்னால், அதற்குக் கிட்டவே மணிக்கணக்காக நிற்கிறார். புகைக்குழாய் ஓட்டையாகி அல்லது சைலன்சர் கழன்று ஓடும் வண்டிகள் நிறைய. முதலில் அதை மாற்றுங்கள். அவருக்கு இறப்பர் அடைப்பான் ஒரு சோடி, மூடியுள்ள சிறு டப்பாவில், சாவிக் கொத்தோடு சேர்த்து. நெல் மூட்டைக்கு மேல் பெட்டியில் ஏறி வரும் பிள்ளைகளின் காதும் அதே சத்தத்தில்தான் இருக்கிறது. அவர்களை எஞ்சினுக்குத் தூரமாக, கடைசிப் பக்கத்தில் இருத்துங்கள்.

கேள்திறன் பரிசோதனையை வேலைக்குச் சேரும்போது ஒரு தரம், பிறகு ஆண்டுக்கு ஒரு தரம் செய்ய வேண்டும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் காது சத்தத்தில் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் தற்காலிகமாக மங்கிய காதை நிரந்தரமாக மங்கியது என்று கருவி காட்டும். ஆகவே வேலை முடிந்த பின்னேரம் அனுப்பக்கூடாது, அடுத்த நாள் காலை வேலைக்கு முன் அனுப்ப வேண்டும். முந்தின இரவு கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் பரிசோதனை நாளை மாற்றுங்கள். ஒரு கொப்பியில் பெயர், வலக்காது அளவு, இடக்காது அளவு, அடைப்பான் வகை, பழக்கிய திகதி, பரிசோதனைத் திகதி என்று ஆறு நிரல் போதும். ஆள் வேறு ஆலைக்குப் போகும்போது அவருடைய வரியையும் பரிசோதனைப் படத்தின் பிரதியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். புது இடத்தில் அதிலிருந்து தொடங்கலாம்.